வாத்துகள் போன பிறகு வந்த துப்பாக்கிகள்

இவ்வளவு நம்பகமான செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்கள் டெக்சஸ் கடைகளில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துக் கிடக்க வேண்டிய நெல் வயல்களும், அங்கே வந்து இறங்க வேண்டிய பனிவாத்துகளும்தான் குறைந்துபோயின. அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் பார்த்தவன் நான். தன் முதல் துப்பாக்கியை வாங்கப் போகிற என் தங்கை மகனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவன் வீடு ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில். நான் 1980-களின் நடுவில் வேலைக்கு வந்தபோது அந்தப் பக்கமெல்லாம் நெல் வயல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமே இல்லாத சமவெளி, நடுநடுவே நெல் உலர்த்தும் உயரமான தகரக் கட்டடங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போனவனுக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அறுவடை முடிந்து தாள் நிற்கிற வயலில் தண்ணீர் தேங்கியிருக்கும். குளிர் தொடங்கினால் கனடாவின் வடகோடியிலிருந்து பனிவாத்துகள் வந்து சேரும். விடியலில் கூட்டம் எழும்பும்போது பேச்சுக்குரல் கேட்காது.

அவற்றை ஏமாற்ற அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்திருந்த வழி எளிமையானது. வெள்ளைத் துணித் துண்டுகளை நூற்றுக்கணக்கில் தாள்களின் மேல் போட்டு வைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் மேய்கிற வாத்துக் கூட்டம். நாமும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு அவற்றின் நடுவே சேற்றில் மல்லாந்து படுத்துக் கிடக்க வேண்டும். என் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்து என் பங்குக்கு நானும் கொடுத்தேன். என்னை அழைத்துப் போன பெரியவர் அதன் நெசவைத் தடவிப் பார்த்து, இவ்வளவு நல்ல துணியைக் கிழிப்பார்களா என்று வருத்தப்பட்டார்.

அவர் ஓய்வுபெற்ற நெல் விவசாயி. அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோ-5. பின்பக்கம் சதுரமாகத் திமிர்த்து நிற்கிற அந்தத் துப்பாக்கியைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். யூட்டா மாநிலம் ஆக்டன் ஊர்க்காரரான ஜான் மோசஸ் பிரவுனிங், வெற்றிகரமாக ஓடிய முதல் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னாக இதைச் செய்து 1900-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை தன் கண்டுபிடிப்புகளை வாங்கிக்கொண்டிருந்த வின்செஸ்டரிடம், விற்பதற்கேற்ப ராயல்டி வேண்டும் என்றார். அவர்கள் மறுத்தார்கள். அடுத்து ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போனார். அவர் காத்திருந்த நேரத்தில் அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். அது 1902 ஜனவரி. பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்குப் போனார். அங்கே தொடங்கிய உற்பத்தி, பின்னாளில் ஜப்பானுக்கு மாறி, 1998 வரை நடந்தது.

அந்தத் துப்பாக்கியில் சுட்டதும் குழலும் போல்ட்டும் ஒன்றாகச் சேர்ந்து முழுதாகப் பின்னால் வரும். பிறகு குழல் முன்னே போகும், வெற்றுக் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா ஏறும். மேகசின் குழாயைச் சுற்றி ஒரு பெரிய சுருள்வில், அதோடு ஒரு எஃகு வளையம். கனமான தோட்டா போடுவதானால் வளையம் வில்லுக்கு முன்னால் இருக்க வேண்டும். லேசான தோட்டாவுக்கு அதைக் கழற்றி வில்லுக்குப் பின்னால் போட்டுவிட வேண்டும். மாற்றாமல் விட்டால், கனத் தோட்டா தோளையும் துப்பாக்கியையும் சேர்த்து அடிக்கும். லேசான தோட்டாவில் கூடு வெளியேறாமல் சிக்கும். பெரியவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, டார்ச் வெளிச்சத்தில் அன்றைய தோட்டாவைப் பார்த்து, வளையத்தை இடம் மாற்றிவிட்டுத்தான் வயலில் இறங்குவார். அந்தத் துப்பாக்கி அவரிடம் சிக்கி நான் பார்த்ததில்லை.

நான் வாங்கப் போனபோது கடையில் அதிக யோசனைக்கு இடமில்லை. மேசையில் ஆட்டோ-5, ரெமிங்டன் 1100, இத்தாலியின் பெரெட்டா. பெனெல்லி என்ற பெயரை அப்போது வேட்டைக்காரர்களில் சிலருக்குத்தான் தெரியும். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றச் சொன்னார், பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் குழலின் முனைமணி நேராகத் தெரிந்தால் அது உன் துப்பாக்கி, இல்லையென்றால் எத்தனை பேர் புகழ்ந்தாலும் அது அடுத்தவனுடையது என்றார். துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல புத்திமதியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நான் எடுத்தது 1100. 1963-இல் வந்தது. சுட்டதும் குழலில் உள்ள இரண்டு சிறு துளைகள் வழியாக வாயு கீழே இறங்கி ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், அந்த வேகத்தில் எல்லா வேலையும் நடக்கும். உதை நீண்டு பரவுவதால் தோளில் மெதுவாக விழும். என்னைப்போல் ஒல்லியான ஆளுக்கு அது பெரிய காரியம். வாயு கசியாமல் காக்க உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. அது அறுந்தால் துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றாது. அதனால் 1100 வைத்திருந்த எல்லோர் பையிலும் மாற்று வளையம் ஒன்று இருக்கும். கட்டை எனக்கு நீளம். கடைக்காரரே அளந்து, பின்பக்கம் அறுத்து, ரப்பர் பட்டையைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தார்.

அன்றைக்கு நம்பகம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். சேறு, தண்ணீர், கனத் தோட்டா, இந்த மூன்றிலும் நிற்காமல் ஓட வேண்டும். லேசான தோட்டாவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிறகு எல்லாம் மாறத் தொடங்கியது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991-இல் நாடு முழுக்கத் தடை வந்தது. வயலில் உதிர்ந்த ஈயத்தைத் தின்று வாத்துகள் விஷமேறிச் செத்துக்கொண்டிருந்தன. அந்தத் தடை சரியானது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாக வந்த எஃகுக் குண்டு ஈயத்தைவிடக் கடினம். பெல்ஜியக் குழல்களின் குறுகிய வாயில் அதைச் சுட்டால் குழல் வீங்கிவிடலாம். பெரியவர் தன் ஆட்டோ-5-ஐ எண்ணெய் துடைத்து அலமாரியில் வைத்தார். எஃகு லேசானது என்பதால் பெரிய குண்டாகவும் அதிகமாகவும் போட வேண்டி, மூன்றரை அங்குலத் தோட்டா வந்தது. 1991-லேயே பெனெல்லியின் சூப்பர் பிளாக் ஈகிள், இரண்டே முக்கால் அங்குலம் முதல் மூன்றரை வரை எல்லாவற்றையும் சுடும் செமி ஆட்டோமேட்டிக்காகக் கடைக்கு வந்தது. அதில் வாயு இல்லை, பிஸ்டன் இல்லை. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது போல்ட்டின் உடல் நின்ற இடத்திலேயே நிற்க முயல்வதால் உள்ளே ஒரு குட்டைச் சுருள்வில் இறுகி, பிறகு விரிந்து வேலையை முடிக்கும். புகை உள்ளே வராது, அழுக்கு சேராது. சேற்றில் கிடப்பவர்களுக்கு வரமாக வந்தது அது.

"மாமா, எல்லாரும் பெனெல்லிதான் பெஸ்ட்னு சொல்றாங்க. ரெண்டு வாரமா வீடியோவா பாத்துட்டு இருக்கேன்" என்றான் மருமகன்.

"எதைச் சுடப் போறே?"

"முதல்ல பறக்கவிட்டுச் சுடற களிமண் தட்டு. ஆபீஸ்ல நாலு பேர் சனிக்கிழமை போறாங்க. செப்டம்பர்ல புறா."

"வாத்து?"

"இங்க எங்க மாமா வாத்து?"

அவன் கேட்டது நியாயம். நெல் பயிராகும் பரப்பு டெக்சஸில் 2 லட்சம் ஏக்கருக்கும் கீழே இறங்கிவிட்டது. 1950-களில் அது 6 லட்சத்தைத் தொட்டிருந்தது. 2012-இல் வறட்சி முற்றி, கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதி நெல் விவசாயிகளில் பெரும்பாலோருக்குப் பாசன நீரே நிறுத்தப்பட்டது. 2013 டிசம்பரில் கிராண்ட் பார்க்வே நெடுஞ்சாலை கேட்டி சமவெளியை ஊடுருவித் திறந்தது. அதன் இருபுறமும் வீடுகள் வந்தன; அவற்றில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். தின்ன நெல் இல்லாத இடத்துக்கு வாத்து எதற்கு வரும்? ஆர்கன்சாவின் நெல் வயல்களோடு நின்றுவிடுகிறது.

எனக்கு மனம் ஆறாத ஒன்றும் இதில் இருக்கிறது. நீர்ப்பறவை வேட்டையில் துப்பாக்கிக்குள் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 1935 முதல் சட்டம். மேகசினுக்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி வைப்போம், காவலர் வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார். பனிவாத்துகள் மிதமிஞ்சிப் பெருகி, வடக்கே தாங்கள் முட்டையிடும் தூந்திர நிலத்தையே வேரோடு பிடுங்கித் தின்று பாழாக்குகின்றன என்று 1999-இல் அவற்றுக்குச் சிறப்பு அனுமதி வந்தது. குச்சியை எடுத்துவிடலாம், மின்கருவியில் வாத்துச் சத்தம் போட்டு அழைக்கலாம் என்றார்கள். நிறையச் சுட வேண்டும் என்று அரசே சொல்லி, நிறையச் சுடத் துப்பாக்கியும் வந்த காலத்தில், கேட்டியில் சுட வயல் போய்க்கொண்டிருந்தது. எஞ்சிய சமவெளியைக் காக்க 1992-இல் தொடங்கிய அறக்கட்டளை ஒன்று நிலத்தை வாங்கிப் பாதுகாத்து வருகிறது. அங்கே வேலியோரம் நின்றால் அந்தப் பழைய வெளியின் ஒரு துண்டை இன்னும் பார்க்கலாம்.

ஆகவே மருமகனுக்கு நம்பகம் என்பதன் அர்த்தம் வேறு. அவன் போடப் போவது லேசான தோட்டா. நாள் முழுக்கச் சுடுவான், தோள் தாங்க வேண்டும். பெனெல்லி வகையை ஓட்டுவது உதைதான். மிக லேசான தோட்டாவில் அந்த உதை போதாமல் போகலாம். விளக்கு, தோட்டாப் பட்டை என்று மேலே எதையாவது மாட்டி எடையைக் கூட்டினால் இன்னும் தயங்கும். போல்ட்டை மெதுவாக மூடினால் முழுதாகப் பூட்டாமல் நின்று, சுடும்போது வெறும் 'கிளிக்' சத்தம் வரும் என்பது அதன் ரசிகர்களே ஒப்புக்கொள்கிற குணம். அதை வேகமாக விட்டு மூடிப் பழக வேண்டும். சேற்றுக்கும் குளிருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். தட்டுக்கும் புறாவுக்கும் வாயுத் துப்பாக்கி.

வாயுத் துப்பாக்கிகள் இன்று எங்கள் காலத்தைப்போல் இல்லை. 1987-இல் ரெமிங்டன் 11-87 மிகை வாயுவைத் தானே வெளியேற்றி, லேசானது, கனமானது என இருவகைத் தோட்டாவையும் ஏற்றது. இன்றைய பெரெட்டா ஏ300 அல்டிமா அதைவிட எளிமையாக அதே வேலையைச் செய்கிறது. மாஸ்பெர்க் 940 புரோவைத் துடைக்காமலே 1,500 தோட்டா சுடலாம் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். அதை நம்பித் துடைக்காமல் விடாதீர்கள். என் 1100-ஐச் செய்த ரெமிங்டன், 1816 முதல் இருந்த நிறுவனம். இரண்டு முறை திவாலாகி, நியூயார்க் மாநில இலியன் ஆலையை 2024-இல் மூடிவிட்டது. துருக்கியிலிருந்து மலிவாக நிறைய வருகின்றன. ஸ்டோகர் போல உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் இங்கேயே கிடைக்கிற பெயராக இருந்தால் வாங்கலாம். பெயர் தெரியாததை விலைக்காக வாங்க வேண்டாம். ஒரு சுருள்வில் உடைந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

"வீடியோவை மூடிட்டுக் கடைக்கு வா. கண்ணை மூடித் தோள்ல ஏத்திப் பாரு" என்றேன். வந்தான். அவனும் என் உயரம்தான். ஆனால் இன்று கட்டையை அறுக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளேயே மெல்லிய தகடுகள் வருகின்றன, உயரத்தையும் சாய்வையும் அவற்றால் சரிசெய்துகொள்ளலாம், நீளத்துக்கும் பட்டை உண்டு. ஏ300 அவன் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. அதையே எடுக்கச் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதில் பலரும் தவறுவது எண்ணெய். அதிகம் போடுவார்கள். அது தூசியைப் பிடித்துக்கொண்டு குளிரில் பசையாகிவிடும். மெல்லிய பூச்சு போதும். முதல் சில பெட்டிகள் கொஞ்சம் கனமான தோட்டாவாக இருக்கட்டும், உள்ளுறுப்புகள் உரசிப் பழகட்டும். 20 கேஜ் தோட்டாவையும் 12 கேஜ் தோட்டாவையும் ஒரே பையில் போடவே கூடாது. 20 கேஜ் உள்ளே நழுவிக் குழலின் நடுவில் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து விரல்கள் போய்விடும். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதே இதற்காகத்தான்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் நீங்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் பொதுவாக ஃபெடரல் குற்றம். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் டெக்சஸில் வேட்டைக்குப் போக வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். வகுப்பை முதலில் முடியுங்கள். துப்பாக்கி வாங்குகிற அன்றே பூட்டுள்ள இரும்புப் பெட்டியையும் வாங்குங்கள், சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். குண்டு நிறைத்த துப்பாக்கி 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு அஜாக்கிரதையால் எட்டிவிட்டால், டெக்சஸ் சட்டத்தில் குற்றவாளி அதை அப்படி வைத்த பெரியவர்தான்.