சைலன்சருக்குள் வேதாந்தம்

உள்ளே ஒன்றுமில்லாத குழாயைப் பற்றித் திருவண்ணாமலையில் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் எதிரே இருப்பவர் கண்ணை மூடிக்கொள்கிறார். 1896 செப்டம்பரில் பதினாறு வயதுப் பையன் ஒருவர் மதுரையிலிருந்து வந்து இங்கே மௌனமாக உட்கார்ந்தாரே, அன்று கிளம்பிய காற்று இன்னும் செங்கம் ரோட்டு டீக்கடை பெஞ்சுவரை அடிக்கிறது. "பித்தளைக் குழாயை வளைத்தால் உள்ளே இருக்கிற வெற்றிடம் நசுங்கிவிடுகிறது" என்று அந்த பெஞ்சில் ஒரு நாள் புலம்பிவிட்டேன். காவி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வெற்றிடம் நசுங்காது" என்று தமிழிலேயே சொன்னார். நசுங்குகிறது ஐயா. வீட்டுக்கு வந்தால் ஒரு டப்பா நிறையக் காட்டுவேன்.

நான் செய்வது பஸ். பிள்ளைகள் பள்ளி புராஜெக்டுக்கு வாங்குகிற சன்போர்டை வெட்டி, ஃபெவிக்விக்கில் ஒட்டி, கூரையில் கேரியரும் பின்னால் ஏணியும் வைத்த பழைய மாடல் வெளியூர் பஸ். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் மீசை முளைக்காதவர்கள். அளவு 24-க்கு 1. பதினொரு மீட்டர் பஸ் 46 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இதே கணக்கில் 217 அடி ராஜகோபுரம் ஒன்பது அடி வரும். அதற்கு வீட்டில் முன்கூட்டியே தடை போட்டாயிற்று.

பஸ்ஸைப் பார்க்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "ஓடுமா?"

"ஓடாது."

"அப்புறம் எதுக்குங்க சைலன்சர்?"

என் மனைவியின் கட்சி கொஞ்சம் நுட்பமானது. "கம்பியை வளைச்சுக் கருப்பு பெயின்ட் அடிங்க. யாருக்குத் தெரியப் போகுது?" தெரியும். சைலன்சரின் முனையில் ஓட்டை இருந்தாக வேண்டும். நாலு மில்லிமீட்டர் விட்டம், நடுவில் ஓட்டை, இரண்டு இடத்தில் வளைவு. கேட்டது இவ்வளவுதான்.

ஏசி மெக்கானிக் காலங்குலச் செப்புக் குழாயை நீட்டினார். அதை 24-ஆல் பெருக்கினால் பதினைந்து சென்டிமீட்டர். டேங்கர் லாரியே கூச்சப்படும். ஃபிரிட்ஜுக்குப் போடுகிற கேபிலரி டியூப் நல்ல சரக்கு. இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், சுவர் தடிமன், நடுவில் நூல் நுழைகிற துவாரம். விரலாலேயே வளைக்கலாம், நசுங்காது. ஆனால் அது கடையிலிருந்து வருவதே சுருளாகத்தான். வளைப்பதற்கு முன்னால் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டி நிமிர்த்த வேண்டும். அதோடு, சைலன்சருக்கு அது பாதி அளவுதான். கடைசியில் அகப்பட்டது அப்பாவின் டிரான்சிஸ்டர் ஏரியல். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மெல்லிய பித்தளைக் குழாய்கள். அதில் ஒன்று கச்சிதமாக நாலு மில்லிமீட்டர். அந்த ரேடியோ பாடிப் பல வருஷம் ஆகிறது. ஏரியலைக் கழற்றிய அன்று சாயங்காலம்தான் அப்பாவுக்கு இலங்கை வானொலி கேட்க ஆசை வந்தது.

குழாய் வளையும்போது வெளிப்பக்கம் இழுபட்டு மெலிகிறது, உள்பக்கம் நெருக்குண்டு சுருங்குகிறது. நடுவில் தாங்க ஆளில்லாததால் பக்கச் சுவர்கள் பிதுங்கி, வட்டம் முட்டை வடிவாகி, திடீரென்று ஒரு சத்தத்தோடு மடிந்துவிடும். ஆகவே வெற்றிடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அதை நிரப்ப வேண்டும். (இதை டீக்கடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாலை போட்டு ஒரு மண்டபத்தில் உட்கார வைத்திருப்பார்கள்.)

எதை நிரப்புவது? நகை செய்கிற பத்தர்கள் உள்கூடான நகைக்குள் அரக்கு ஏற்றுவார்கள். மேல்நாட்டில் ஊதுகருவி செய்கிறவர்கள் குழாய்க்குள் சோப்புத் தண்ணீரை உறையவைத்து வளைப்பதுண்டு. எங்கள் ஃபிரீசரில் ஏரியலுக்கு இடம் கேட்கும் தைரியம் எனக்கில்லை. மெல்லிசாக, காய்ந்ததாக, இந்த ஊரில் தாராளமாகக் கிடைப்பது விபூதி. டப்பாவைத் திறந்ததுமே அம்மா பிடித்துவிட்டாள். "சாமி விபூதியைக் கொண்டுபோய் சைலன்சர்லயா போடுவ?" பாவம் ஒருபுறம் இருக்க, தொழில்ரீதியாகவும் அது சரிப்படாது. பொடி அமுங்கிக் கொடுக்கும், மணல் கொடுக்காது. அந்த மணலிலும் ஈரம் இருக்கக் கூடாது. இரண்டு முனையையும் அடைத்த பிறகு சூடு பட்டால் நீராவி அடைப்பைத் தெறிக்கவிடும். அதனால் சலித்த மணலை வாணலியில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய மாமியார் சமையலறையை எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, ரவை கருகுது" என்றார்.

அடுத்து, குழாயை இளக்குவது. லாரி பட்டறையில் முப்பது வருஷம் இருந்த எங்கள் மாமா, "பழுக்கக் காய்ச்சித் தண்ணியில விட்டா முறுகிப் போயிடும்டா" என்றார். உளி, அரிவாள் சமாச்சாரத்தில் அது வேதவாக்கு. தேரடித் தெருப் பத்தர் சிரித்தார். செம்பும் பித்தளையும் வேறு சாதி. மங்கிய சிவப்பு தெரிகிறவரை காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் அவை மெத்தென்றே ஆகும். வளைக்க வளைக்கத்தான் விறைத்துக்கொள்ளும், மறுபடி காய்ச்ச வேண்டும். பத்தர் செய்தே காட்டினார். மாமா குழாயை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒரு உலோகமா?" என்று எழுந்து போய்விட்டார்.

இதற்கிடையில் பௌர்ணமி வந்தது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கயிலாய வாத்தியம் முழங்கிக்கொண்டு வருகிறது. அதில் ஒருவர் கையில் கொம்பு. பிறை போல வளைந்த ஆளுயரக் குழாய், உள்வளைவில் ஒரு சுருக்கம் கிடையாது. கூட்டத்தில் புகுந்து அந்த உள்வளைவை மிக நெருக்கமாக, வாய் பிளந்து பார்த்துக்கொண்டே கூட நடந்தேன். வாசித்தவர் என் பரவசத்தைப் பார்த்து நெகிழ்ந்து நெற்றி முழுக்க விபூதி பூசிவிட்டார். அம்மாவுக்கு அன்றைக்குப் பரம திருப்தி.

மற்றதெல்லாம் பொறுமைதான். விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையாத ஆரத்தில் ஒரு சின்னக் கப்பி. அதன் பள்ளம் குழாயின் பக்கங்களைப் பிதுங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். கைவிட்டதும் குழாய் கொஞ்சம் நிமிரும், அதனால் தேவைக்கு மேல் ஒரு நூல் அதிகமாக வளைக்க வேண்டும். மணலைத் தட்டிக் கொட்டினேன். முனையில் வட்டமான ஓட்டை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னேன். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்த்தார்.

இப்போது பின்பக்க ஏணி. அதன் இரண்டு முனையும் பாடியோடு ஒட்டிவிடும், ஓட்டை யார் கண்ணிலும் படாது. ஆகவே கம்பியே போதும் என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நானும் கை தூக்கினேன். சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போகும்போது, ஒரு மில்லிமீட்டரில் குழாய் எங்கே கிடைக்கும் என்று பத்தரைச் சும்மா ஒரு வார்த்தை கேட்டுவைக்கப் போகிறேன்.