எஞ்சிய நட்டு: கட்டுமான விளையாட்டுப் பெட்டிகளின் காலப் பகுப்பும் புணர்ச்சி இலக்கணமும் (ஒரு நுண்ணாய்வு)

குழந்தைகள் பட்டைகளையும் கட்டைகளையும் பூட்டி விளையாடும் பெட்டிகள் முன்பு எப்படி இருந்தன, இப்போது எப்படி ஆயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இதற்கு ஆய்வு எதற்கு என வினவிய மைத்துனரின் மாற்றுக் கருத்து ஈண்டுப் பதிவு செய்யப்படுகிறது; விவாதிக்கப்படவில்லை.

ஆய்வாளரின் வசதி கருதி இவ்வரலாறு நான்காகப் பகுக்கப்படுகிறது: கட்டை காலம், திருகு காலம், திருகு மருவிய காலம், அமுக்கு காலம்.

கட்டை காலத்தில் மரக்கட்டைகளை அடுக்கினர், அவை விழுந்தன.

திருகு காலம் 1901இல் தொடங்குகிறது. லிவர்பூல்காரரான ஃபிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகிப் பூட்டும் விளையாட்டுக்கு அவ்வாண்டில் காப்புரிமை பெற்றார். 1907இல் அதற்கு மெக்கானோ என்ற பெயர் வந்தது. துளைக்கும் துளைக்கும் அரை அங்குலம். பெட்டிகளுக்கு எண்கள் இருந்தன. ஒன்றாம் எண் பெட்டியை இரண்டாம் எண்ணாக உயர்த்த ‘ஒன்று ஏ’ என்னும் துணைப்பெட்டி வாங்கவேண்டியிருந்தது. பிள்ளையின் அறிவு வளர்ந்ததோ இல்லையோ, தகப்பனாரின் செலவு எண் வரிசை தவறாமல் வளர்ந்தது. இந்த மரபின் இந்தியக் கிளையே நம் வீடுகளுக்கு வந்த மெக்கானிக்ஸ். ஒரு குட்டி ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், விரல் நுனியில் நாள் முழுக்கப் போகாத இரும்பு வாசனை ஆகியன அதன் உறுப்புகள்.

திருகு மருவிய காலத்தில் போல்ட்டும் பட்டையும் பிளாஸ்டிக்கில் வந்தன. இதை இருண்ட காலம் என்பது வழக்கம். சான்றுகள் குறைவு, கிடைத்தவையும் உடைந்திருக்கின்றன.

அமுக்கு காலத்தின் மூலவர் லெகோ. டென்மார்க்கில் பில்லுண்ட் ஊர்த் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சென் தொடங்கிய நிறுவனம், இன்றைய வடிவிலான கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரியது. அன்றைய கட்டையும் இன்றைய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே அளவில் நிற்கும் இன்னொரு பொருள் ஆய்வேடுகளின் முன்னுரை மட்டுமே.

இனி இலக்கணம். விகாரப் புணர்ச்சியை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். அவர் நினைத்தது நட்டையும் போல்ட்டையும்தான் என்பதை உரையாசிரியர் அனைவரும் கவனிக்கத் தவறினர். லெகோவில் நிகழ்வது இயல்பு புணர்ச்சி: நிலைக்கட்டை மேல் வருகட்டை வந்து அமர்கிறது, இடையே எதுவும் தோன்றுவதில்லை. மெக்கானிக்ஸில் அப்படியன்று. இரு பட்டைகள் சேர நடுவே போல்ட் வரவேண்டும்: தோன்றல். இறுக்கினால் பட்டை வளையும்: திரிதல். நட்டு உருண்டு பீரோவுக்கு அடியில் போகும்: கெடுதல். ஒரே புணர்ச்சியில் மூன்று விகாரமும் வரலாம் என நன்னூலார் இடம் கொடுத்திருப்பது, அவரும் தரையில் உட்கார்ந்து கிரேன் பூட்டியவர் என்பதற்கு அகச்சான்று. தொல்காப்பியத்திலேயே லெகோ உண்டு என நிறுவும் பணியை, அத்தகைய பணிகளில் தேர்ந்தவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

கெட்ட நட்டு எங்கே என்பதில் அறிஞரிடையே மூன்று மரபுகள். முதலாவது பீரோ மரபு (காண்க: பீரோவின் அடி, சுவரோரக் கால், தூசிப் படலம் 2). இரண்டாவது வயிற்று மரபு (தம்பி, வாய்மொழித் தரவு, வாழைப்பழம் கொடுக்கப்பட்டபின் மறுத்தார்). மூன்றாவதும் வலுவானதுமான தையல் மெஷின் மரபு (காண்க: அம்மாவின் தையல் மெஷின், வலது இழுப்பறை, பவுடர் டப்பா, சட்டைப் பொத்தான்களுக்குக் கீழே, மூக்குத்தித் திருகுக்கு மேலே, அச்சேறாதது, பார்வையிட முன் அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்ததாகக் குறிப்பில்லை). தேடப்பட்ட நட்டு தோசைக்கல் கைப்பிடியில் பணியமர்ந்துவிட்டது என்னும் பாடபேதம் பெரியம்மா வீட்டுப் பிரதியில் மட்டும் காணப்படுகிறது (மேலது, சமையலறைப் பதிப்பு, எண்ணெய்க் கறை படிந்த படி, கைப்பிடி ஆடும்வரை எவரும் ஒப்புநோக்காதது).

இதனினும் நுட்பமானது எஞ்சிய நட்டு. அக்காலத்தில் கிரேனைப் பூட்டி முடித்தபின் ஒரு நட்டு மிஞ்சினால், கிரேனுக்குள் எங்கோ ஒரு நட்டு இல்லை என்று பொருள். எங்கே என்பது கிரேன் விழும்போது தெரியும். இக்காலப் பெட்டியிலோ, பொடி உறுப்புகள் தொலையும் என முன்னறிந்து தயாரிப்பாளரே ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துவிடுகிறார். ஆகவே எல்லாம் சரியாக முடிந்தாலும் மிஞ்சும். பிழையின் அடையாளமாக இருந்த மிச்சம் இன்று உபசாரம் ஆகிவிட்டது. பயந்து எழுந்து மறுபடி கழற்றிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளிடம் அருகிவருவதற்கு இதுவே காரணம் என்க.

எட்டுப் புடைப்புள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவை 91,51,03,765 விதமாகச் சேரும் எனக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டிருக்கிறார். பெட்டியிலுள்ள செய்முறைப் புத்தகம் இவற்றுள் ஒன்றைக் கூறும். 2022இல் வந்த ஈஃபிள் கோபுரப் பெட்டியில் உறுப்புகள் 10,001. செய்யவேண்டியது ஈஃபிள் கோபுரம். மேலே பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு எனப் போட்டிருக்கிறது. எண்ணிட்ட பொட்டலங்களை வரிசையாகப் பிரிக்கவேண்டும். முடிவு மூடியில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். பிசகினால் முந்தைய பக்கத்துக்குப் போகலாம். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இம்முறையைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

பழைய பெட்டியிலும் செய்முறைப் புத்தகம் உண்டு என்பது மறுக்கப்படவில்லை. ஆனால் 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹார்ட்ரீயும் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் எந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அது எந்தப் பெட்டியின் மூடியிலும் இல்லை. பேராசிரியர் விளையாட்டுச் சாமானை வைத்து ஆராய்ச்சி செய்தார். இதைத் திருப்பிப் போட்டுச் செய்பவர்களின் பட்டியல் பக்க வரம்பு கருதித் தவிர்க்கப்படுகிறது.

மேலாய்வுக்குரிய களங்கள்: வெறுங்காலில் லெகோக் கட்டையை மிதித்தபோது எழும் சொற்களின் ஒலியனியல், ஸ்பேனரைக் காது குடையப் பயன்படுத்திய தாத்தாக்கள் பற்றிய ஒரு வட்டார ஒப்பீடு, பீரோவுக்கு அடியில் களப்பணி. இக்கடைசித் தலைப்பை எடுக்க விரும்புவோர் கை ஒல்லியாக இருத்தல் வேண்டும். நெறியாளர் டார்ச் பிடிப்பார்.