மூன்றாம் கியரில் பம்மல்

பம்மலில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவருக்குத் தனி மரியாதை உண்டு. ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தினால் மெக்கானிக் எழுந்து வருவார், கையைத் துடைத்துக்கொண்டு காலடியில் எட்டிப் பார்ப்பார், "கிளட்ச் இல்லையா சார்? அப்ப நாங்க கை வெக்கிறதில்ல" என்று வழியனுப்பி வைப்பார். கிளட்ச் உள்ள வண்டிக்காரரை இவ்வளவு பணிவாக யாரும் அனுப்புவதில்லை. அவர் இறங்குவதற்குள் பானட்டைத் திறந்துவிடுவார்கள்.

என் வண்டி பழையது. 2014-இல் செலேரியோவோடு ஏஎம்டி வந்து, ஆட்டோமேட்டிக் என்பது நடுத்தர வீடுகளுக்கும் எட்டும் பொருளாவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. டார்க் கன்வெர்ட்டர், நான்கு கியர், வயிறு நிறைய ஆயில். கம்பெனி பெயர் வேண்டாம். பெற்றவர்கள் மனம் நோகும்.

அதற்குத் திடீரென்று மூன்றாம் கியர் மீது பற்று வந்துவிட்டது. சிக்னலில் நின்று புறப்பட்டாலும் மூன்று, பல்லாவரம் மேம்பாலம் ஏறினாலும் மூன்று. பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ என்னை முந்தியதில் வியப்பில்லை, அது விமானத்தையே முந்தப் பார்க்கும் சாதி. தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள் முந்தியதுதான் உறுத்தியது. அதை மிதித்துப் போன பெரியவர் திரும்பிப் பார்த்து, "தள்ளணுமா தம்பி?" என்று வேறு கேட்டார்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. இதற்கு லிம்ப் மோடு என்று பெயர். உள்ளே ஏதோ சரியில்லை என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால், ஆயில் பாதைகளைத் திறந்து மூடும் சோலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிடும். மின்சாரமே இல்லாவிட்டாலும் ஒரு கியராவது விழும்படி உள்ளே ஆயில் பாதைகளை அமைத்திருப்பார்கள். பல நான்கு கியர் பெட்டிகளில் அது மூன்றாவது. முதல் கியரிலேயே விட்டால் இன்ஜின் கதறும், நான்காவதில் விட்டால் வண்டி நகராது. மூன்றில் விட்டால் ஓட்டுபவர் அவமானப்படுவார். ஆனால் வீடு போய்ச் சேருவார். சரியான ஏற்பாடுதான்.

சிக்கல் என்னவென்றால் சாவியைத் திருப்பி அணைத்து, ஆறவிட்டு எடுத்தால் நான்கு கியரும் பட்டுப்போல் விழும். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப் வாசலிலும் அது ராஜநடை போட்டது. "நல்லாத்தானே சார் ஓடுது?" என்று என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

ஆலோசனைக்குக் குறைவில்லை. மாடி வீட்டுப் பெரியவர் பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டாரில் ஹெரால்டு கார் செய்த காலத்து ஆள். "ஹெரால்டுல கம்ப்யூட்டரா இருந்துச்சு? நம்ம கை, நம்ம கியர்" என்றார். மைத்துனன், "வித்துடுங்க மாமா" என்றான். எதைக் கேட்டாலும் அவனிடம் இந்த ஒரே பதில்தான் உண்டு. மனைவி மட்டும் நிதானமாக, "மூணு இருக்கில்ல, அதுலயே ஓட்டுங்க. வேகமாப் போயி என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். பம்மல் மெயின் ரோட்டைத் தெரிந்தவர்கள் இதை மறுக்க முடியாது.

ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "கியர்பாக்ஸ் போச்சு சார். இறக்கி மாத்தணும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகைக்கு என் வண்டியைப் போல இன்னொன்றை வாங்கி, அதன் கியர்பாக்ஸையும் கெடுத்துக்கொள்ளலாம். சரி, சோலினாய்டு மட்டும் வாங்கிப் பார்ப்போம் என்று ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால், தயங்காமல் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேல் உட்காரும் உருளையை எடுத்து வைத்தார்கள். கடைக்காரரைப் பொறுத்தவரை உலகில் சோலினாய்டு என்பது அது ஒன்றுதான்.

தீர்ப்பு வந்த இடம் சமையலறை. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த நாகல்கேணியை ஒட்டி இருக்கும் எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீரை யாரும் வாயில் வைப்பதில்லை. வீட்டுக்கு வீடு ஆர்ஓ மெஷின். சர்வீஸுக்கு வந்த பையன் மெஷினைக் கழற்றி, தீப்பெட்டி அளவில் ஒன்றைக் கையில் எடுத்து, "சோலினாய்டு வால்வு போயிடுச்சு சார்" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கார் கதையை முழுக்கக் கொட்டினேன்.

"எல்லாம் ஒன்னுதான் சார். இது இருபத்தினாலு வோல்ட், உங்களுது பன்னெண்டு. உள்ள செப்புக் கம்பிச் சுத்து, நடுவுல ஒரு ஊசி, ஸ்பிரிங். கரண்டு வந்தா ஊசி இழுக்கும், இல்லன்னா திரும்பிடும். தண்ணிக்குப் பதிலா ஆயில். ஆறுனா ஓடுது, சூடானா நிக்குதுன்னா காயில்ல எங்கேயோ கம்பி விட்டிருக்கும். சூட்டுல மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

இத்தனை ஒர்க்‌ஷாப்களிலும் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது.

எசமான் ஆணையிட, வேலைக்காரன் மக்கர் பண்ணும் விஷயத்தில் பம்மல்காரர்கள் முன்னோடிகள். ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய 'சபாபதி'யில் எசமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. 1941-இல் படமாக வந்தபோது வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம் அடித்த கூத்தை இன்றும் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் நடப்பதும் அதேதான். கம்ப்யூட்டர் எசமான் ஆணையிடுகிறார். சோலினாய்டு வேலைக்காரன் ஆயில் பாதையைத் திறந்து மூட வேண்டும். அவன் வெயில் ஏறியதும் படுத்துவிட்டால், எசமான் கோபித்துக்கொண்டு மூன்றாம் கியரில் உட்கார்ந்துவிடுகிறார். 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமாட்டிக்கைக் கொண்டுவந்தபோது கம்ப்யூட்டரும் கிடையாது, சோலினாய்டும் கிடையாது. எப்போது கியர் மாற வேண்டும் என்பதை ஆயில் அழுத்தமே பார்த்துக்கொண்டது. சோலினாய்டுகளின் ராஜ்யம் 1980-களில்தான் பரவியது.

திருநீர்மலை ரோட்டைத் தாண்டி ஒரு சந்தில், ஐடிஐ படித்த இளைஞர் ஒருவர் தனியாகக் கடை போட்டிருந்தார். ஸ்கேனரைச் செருகினார். பி0750 என்று வந்தது: முதல் ஷிப்ட் சோலினாய்டின் சர்க்யூட்டில் கோளாறு. அதோடு அவர் நிறுத்தவில்லை என்பதில்தான் எனக்கு அவர் மேல் மதிப்பு. "கோடு சர்க்யூட்டைத்தான் சொல்லும் சார். ஒயரா இருக்கலாம், கனெக்டரா இருக்கலாம்" என்று, வண்டியை அனகாபுத்தூர் வரை ஓட்டிச் சூடேற்றி வந்து, கியர்பாக்ஸ் கனெக்டரிலேயே மீட்டரை வைத்தார். உடன்பிறந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே ஓம்ஸ் காட்ட, ஒன்று மட்டும் எதுவும் காட்டவில்லை. ஆயில் பான் திறக்கும் முன்பே குற்றவாளி பிடிபட்டாயிற்று.

புதுப்பேட்டையில் பழசு கிடைக்குமே என்றேன். காராக உள்ளே போனது உதிரியாக வெளியே வரும் அந்தப் பேட்டையில் கிடைக்காதது எது? "கிடைக்கும் சார். ஆனா அதுவும் உங்க வண்டி வயசுதான், அதே சூட்டுல வெந்திருக்கும்" என்றார். பார்ட் நம்பர் சொல்லிப் புதிதே வரவழைத்தோம். வண்டி பெயரைச் சொல்லிக் கேட்டபோது உதடு பிதுக்கிய அதே கடைக்காரர்கள், நம்பரைச் சொன்னதும் மறுநாள் தருவதாகச் சொன்னார்கள்.

கியர்பாக்ஸை இறக்கவே வேண்டியிருக்கவில்லை. அடியில் ஆயில் பானைக் கழற்றினால் வால்வு பாடி தெரிகிறது; சோலினாய்டுகள் அதில் வரிசையாகக் குந்தியிருக்கின்றன. செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய ஆயில், ஆறிப்போன டிகாக்‌ஷன் நிறத்தில் வடிந்தது. நான் உதவி செய்யும் ஆர்வத்தில் தரையில் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து நீட்டியதும் இளைஞர் பதறிவிட்டார். திருப்பூர் நமக்குத் தந்த அந்தக் கொடையின் ஒரு நூலிழை வால்வுக்குள் போனாலும் அடுத்த சோலினாய்டுக்கும் அதே கதிதானாம். பஞ்சு உதிராத துணியால் அவரே துடைத்தார். புது சோலினாய்டு, புது ஆயில், புது பில்டர். இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, அதன் பிறகுதான் டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தார்.

மொத்தச் செலவு, ஜிஎஸ்டி ரோட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளில் ஜிஎஸ்டி என்று போட்டிருந்த வரியைவிடக் குறைவு.

பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியை இறக்கச் சொல்பவரிடம் கோடு என்ன, ஆயில் என்ன நிறம், சூட்டில் ஓம்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு மூன்றாம் கியரிலேயே வந்துவிடுங்கள். சொந்தமாக மீட்டர் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழசு மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் ஓம்ஸில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட வராத மீட்டரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்கும் காயில் போயிருக்கும்.