வெள்ளியங்கிரிக்காரர்

கோவைப் பக்கத்திலிருந்து பூட்டானுக்குக் கிளம்பும் எந்தச் சுற்றுலாக் குழுவிலும் இவர் ஒருவர் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தறியையோ தோப்பையோ மகனிடம் ஒப்படைத்தாயிற்று. வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் வருஷம் தவறாமல் ஏறியவர் என்ற செய்தி, பாக்டோக்ரா விமான நிலையத்தில் பெட்டிகள் வந்து சேர்வதற்குள் குழு முழுக்கத் தெரிந்துவிடும்.

பயணத் திட்டத்தில் ‘தக்சங் மடாலயம்’ என்று போட்டிருக்கும் நாள்தான் இவருடைய நாள். பாரோ பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்த்தால், சுமார் 900 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் இடுப்பில் வெள்ளைச் சுவரும் பொன் கூரையுமாக மடாலயம் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள். இவர் வாட்சைப் பார்ப்பார். “ஒண்ணேகால் மணி நேரமுங்க. போய்ட்டு வந்து காப்பி குடிச்சுப்போட்டு மத்த சோலியப் பாக்கலாம்.” பூட்டான் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தி ஓடுவதை இவர் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் குழு தினமும் அரை மணி இவருக்காகக் காத்திருந்துதான் புறப்படும்.

அடிவாரத்தில் ஊன்றுகோல் வாடகைக்குத் தருகிறார்கள். தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். “நம்ம பூண்டியில மூங்கில் தடி விக்கிறானுங்களே, அதுதானுங்க தடி. இது பட்டம் விடற குச்சி.”

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏறுகிற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் இவர் சொல்வதில் நியாயம் உண்டு. பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரி உச்சிக்கு ஏறுவது தக்சங் ஏறுவதைவிடப் பெரிய வேலை. ஆனால் அந்த உச்சியைக் கொண்டுவந்து பாரோவில் வைத்தால் அங்குள்ள விமான நிலையத்தின் உயரத்துக்குக்கூட எட்டாது. விமானம் இறங்குகிற தரையே 2,235 மீட்டர். மடாலயம் 3,120 மீட்டருக்குப் பக்கம். அங்கே காற்று கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் கிடைக்கும். நடையைத் தொடங்கிய கால் மணியில் இந்த உண்மை இவருடைய நெஞ்சுக்குத் தெரிந்துவிடும்; வாய்க்குத் தெரியாது.

மூச்சு வாங்குகிறது என்று இவர் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. நின்று ஒரு கதை ஆரம்பிப்பார். லேசான ஏற்றம் என்றால் கைதட்டிச் சுனைக் கதை, சுருக்கமானது. செங்குத்தாக இருந்தால் ஆண்டிச் சுனையில் விடியற்காலை குளித்த கதை. அதில் கிளைக்கதைகள் உண்டு. நீலப் பைன் மரங்களுக்கு நடுவே, பிரார்த்தனைக் கொடிகள் படபடக்க, பாரோவில் நின்றபடியே குழு முழுவதும் வெள்ளியங்கிரியை ஏறி இறங்கிவிடும்.

பாதி வழியில் இருக்கும் சிற்றுண்டிச்சாலை வரை குதிரையில் போகலாம். அப்படிப் போகிறவர்களைப் பார்த்து, “பாவமுங்க அந்த சீவன்! நமக்கென்ன காலில்லைங்களா?” என்று வருத்தப்படுவார். அடுத்த வளைவில் திரும்பிப் பார்த்தால் இவரே குதிரைமேல் வந்துகொண்டிருப்பார். நம் முகத்தைப் பார்த்ததும் விளக்கம் வந்துவிடும்: “குதிரைக்காரப் பையனுக்கு நாலு காசு கெடைக்கட்டுமுன்னுதானுங்க.”

முழங்கால் வரை காலுறையும் ‘கோ’ உடையுமாக வரும் வழிகாட்டி, பொறுமையில் போதிசத்துவர். எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலியின் முதுகில் பறந்துவந்து இங்குள்ள குகையில் தவமிருந்தார் என்பது ஐதீகம் என்று ஆரம்பிப்பான். “நம்ம ஐயப்பன் கதையேதானுங்க” என்று இவர் முடித்துவைப்பார். 1692இல் டென்சின் ராப்கே அந்தக் குகையைச் சுற்றிக் கட்டினார் என்றால், “ஏனுங் தம்பி, சிமெண்டு எப்பிடி மேல கொண்டாந்தாங்க?” என்பார். 1998 ஏப்ரலில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோய், 2005இல்தான் புதுப்பித்து முடித்தார்கள் என்றால், தன் தறிக்குடோன் வயரிங்கைப் பற்றிக் கால் மணி நேரம்.

எதிர்ப்பாறையில் ஒரு முனை வரும். மடாலயம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். “வந்தாச்சுங்க! நாஞ் சொன்னனில்ல?” என்று வெற்றி முழக்கம் செய்வார். நடுவில் ஒரு பள்ளம் கிடப்பதை அப்போதுதான் பார்ப்பார். நூற்றுக்கணக்கான படிகள் அருவி வரை இறங்கி, மறுபடி ஏறுகின்றன. அந்தப் படிகளில் மட்டும் இவரிடமிருந்து எந்தக் கதையும் வராது.

வாசலில் செல்போன், கேமரா, பை எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மற்றவர்கள் போனைப் பிரிந்த துக்கத்தில் உள்ளே போவார்கள். சந்நிதியில் பிக்கு ஒருவர் குங்குமப்பூ வாசனை வீசும் தீர்த்தத்தை உள்ளங்கையில் ஊற்றுவார். சாஃப்ட்வேர் இளைஞர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை உச்சந்தலையில் தடவிக்கொள்வார். அங்கேயும் முறை அதேதான். பிக்கு சிரிப்பார். இவரும் சிரிப்பார். இந்த இடத்தில் மட்டும் இவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

இறக்கத்துக்குக் குதிரை கிடையாது. வழிகாட்டியிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார். பிறகு, வாடகைக்கு ஊன்றுகோல் எடுத்த டீச்சரம்மாவுக்குப் பக்கத்தில் மெதுவாக வந்து சேர்வார். “இறங்கறப்போ அது உங்களுக்குச் சுமைதானுங்க அம்மிணி. இப்பிடிக் குடுங்க, நான் கொண்டாறேன்.” பட்டம் விடுகிற குச்சி அடிவாரம் வரை இவர் கையை விட்டு இறங்காது.

வேனில் முன் இருக்கை இவருக்கு. முட்டியை நீட்ட வேண்டுமே. வலி கொஞ்சம் குறைந்ததும் வழிகாட்டியைக் கூப்பிடுவார்.

“நாளைக்கு என்னங் தம்பி?”

“செலே லா கணவாய், சார். 3,988 மீட்டர். வண்டியிலேயே மேலே போய்விடலாம்.”

இவர் கண்ணாடி வழியே ஒரு தடவை வெளியே பார்த்துவிட்டுச் சொல்வார்: “ரோடு போட்ட எடத்தையெல்லாம் மலைக் கணக்குல சேக்கப்படாதுங்க.”