கற்பூரம் தின்ற கிருமி காகிதம் தின்ற கதை

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்டுக் கேட்டு நாம் கழுதையின் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறோம். சூடோமோனாஸ் என்று ஒரு மண் கிருமி இருக்கிறது. அது வாசனை பார்ப்பதோடு நிற்காது, கற்பூரத்தை விழுங்கி ஏப்பமும் விடும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கன்சாலஸ் என்ற பேராசிரியரிடம் இந்த வித்தையைப் பயின்றவர் ஆனந்த மோகன் சக்ரபர்த்தி. 1938இல் வங்காளத்து சாயிந்தியாவில் பிறந்து, கல்கத்தாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

1971இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. பல்பு செய்கிற கம்பெனிக்குக் கிருமி எதற்கு? மாட்டுச் சாணியை மாட்டுத் தீவனமாக மாற்றுவதற்கு! மாடு போட்டதை மாட்டுக்கே பரிமாறும் அந்த மகத்தான திட்டத்துக்கு நடுவே, மனுஷன் மூச்சுவிடக் கச்சா எண்ணெய்ப் பக்கம் திரும்பினார்.

கச்சா எண்ணெய் என்பது கல்யாணப் பந்தி மாதிரி, இலையில் ஏகப்பட்ட ஐட்டம். கிருமிகளோ பிடிவாதக்காரச் சம்பந்திகள், ஆளுக்கு ஒன்றைத்தான் தொடும். அந்த ருசி, பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. கற்பூரத்துக்கு ஒரு வளையம், ஆக்டேனுக்கு ஒன்று, சாலிசிலேட்டுக்கு ஒன்று, பீரோவில் போடும் அந்துருண்டையான நாப்தலீனுக்கு ஒன்று. நான்கையும் ஒரே கிருமிக்குள் குடிவைத்தார் சக்ரபர்த்தி. கற்பூர வளையமும் ஆக்டேன் வளையமும் மட்டும் ஒரே வீட்டில் இருக்க மாட்டோம் என்று முறைத்தன. புற ஊதாக் கதிரைக் காட்டி இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார். எல்லா மாமியார்-மருமகள் சண்டைக்கும் இப்படி ஒரு விளக்கு இருந்தால் தேவலை.

கடலில் எண்ணெய் கொட்டினால் இந்தக் கிருமியை வைக்கோலில் ஏற்றித் தூவ வேண்டியது, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். 1972இல் காப்புரிமைக்கு மனு போட்டார்கள். அதிகாரி படித்துப் பார்த்தார். கிருமியைத் தயாரிக்கும் முறைக்கு உரிமை உண்டு. கிருமி ஏறிய வைக்கோலுக்கும் உண்டு. வைக்கோலை விட்டுத் தனியாக வரும் கிருமிக்கு மட்டும் கிடையாது. அது உயிருள்ளது, இயற்கையின் சொத்து என்றார். தோசை சுடும் முறைக்கு உரிமை, தோசைக்கல்லோடு வரும் தோசைக்கு உரிமை, தோசைக்கு இல்லை! இத்தனைக்கும் 1873இலேயே பாஸ்டரின் ஈஸ்டுக்கு உரிமை கொடுத்த அலுவலகம் அது. பழைய ஃபைலை யார் தூசி தட்டுவது?

வழக்கு படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம் போனது. காப்புரிமை ஆணையரின் பெயர் டயமண்ட். ‘டயமண்ட் எதிர் சக்ரபர்த்தி’ என்றால் ஏதோ நகைக்கடைத் தகராறு போலத்தான் கேட்கும். 1980 ஜூன் 16 அன்று 5-4 கணக்கில் கிருமி ஜெயித்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல, மனிதன் செய்ததா இயற்கை செய்ததா என்பதுதான் கேள்வி என்றது தீர்ப்பு. அந்த அக்டோபரிலேயே மரபணு வியாபாரம் செய்யும் ஜெனென்டெக் கம்பெனியின் பங்கு 35 டாலரில் சந்தைக்கு வந்து 88 வரை எகிறியது. மரபணுவுக்குக் கடை திறந்தாயிற்று.

சக்ரபர்த்தி அதற்குள் சிகாகோவில் பேராசிரியர். அங்கே, வியட்நாம் காடுகளில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் இருந்த 2,4,5-டி என்ற விஷத்தைத் தின்னும் கிருமியை வளர்த்தார். முறை சுத்த ஹாஸ்டல் மெஸ் முறை: நல்ல சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், வேறு வழியில்லாமல் விஷமும் இறங்கும்.

நம் எண்ணெய்க் கிருமி என்ன ஆனது? 1981இல் காப்புரிமை கைக்கு வந்தது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கேலன் எண்ணெயைக் கொட்டியது. ஆசைப்பட்ட விருந்து! ஆனால் மாற்றியமைத்த கிருமியைக் கடலில் விட யாருக்கும் தைரியமில்லை. தவிர, எண்ணெய் வெறும் சோறு. நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று குழம்பும் ரசமும் இல்லாமல் எந்தக் கிருமிக்கும் அது இறங்காது. ஆகவே கரையில் உரத்தைத் தெளித்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த, பேர் ஊர் தெரியாத கிருமிகள் பந்தியில் உட்கார்ந்தன.

உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த கிருமிக்கு இலை போடவே இல்லை. வக்கீல் ஃபைலில்தான் அதன் வயிறு நிறைந்தது.