மயிலாப்பூரில் ஒரு கட்டட அத்வைதம்

தரை வேறு, சுவர் வேறு, கதவு வேறு என்று பேதம் பார்ப்பது அறியாமை. மயிலாப்பூரில் அண்மையில் புதுப்பித்த ஓர் அலுவலகம் அதைக் கடந்துவிட்டது. (பெயர் சொன்னால் திருஷ்டி பட்டுவிடும்.) ஆஃப் ஒயிட் சுவர், ஆஃப் ஒயிட் விட்ரிஃபைடு டைல்ஸ், ஆஃப் ஒயிட் கதவு. படிகளும் அதே டைல்ஸ்தான். அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது கண்ணால் காண்பதல்ல, அனுபவித்து அறிவது. லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரும் பெரியவர், கடைசிப் படியிலேயே தாம் உயிரோடிருப்பதைச் சத்தமாக நிரூபித்துவிடுகிறார். கவுண்டரில் வேலை மிச்சம்.

பிரிட்டிஷ்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஒவ்வொரு நிறமும் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று 0 முதல் 100 வரை எண் போட்டு, அடுத்தடுத்த பரப்புகளுக்கிடையே 30 புள்ளியாவது வித்தியாசம் இருக்கட்டும் என்று பி.எஸ். 8300 என்றொரு தரநிலையே எழுதி வைத்திருக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் அருகருகே இருந்தாலும் இரண்டின் வெளிச்சமும் ஒன்றானால் நிறக்குருடு உள்ளவருக்குப் பிரித்துத் தெரியாதாம். புரை விழுந்த கண்ணுக்குப் பளபளக்கும் தரையில் டியூப்லைட் பட்டுத் தெறித்தால் கூசுமாம். இத்தனை கவலையையும் நம்மவர்கள் ஒரே வாளி பெயிண்டில் தீர்த்துவிட்டார்கள். நல்ல கண்ணுக்கும் மங்கிய கண்ணுக்கும் இப்போது ஒரே காட்சி. சமத்துவம் என்றால் இதுவல்லவா!

நம்மவர்களின் பொறுமையையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல், விதிகள் 2017 ஜூனில். இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற ஐந்தாண்டு கெடு. அது 2022இல் போய்விட்டது. வெறும் ஆலோசனையாக நிற்கும் விதி செல்லாது, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. இவற்றில் எதற்கும் பதறாமல் ஆற அமர வண்ணம் தேர்ந்தெடுப்பதற்குத் தனி மனோதிடம் வேண்டும்.

பழைய மனிதர்களுக்கு இந்த ரசனை போதாது. வாசற்படியில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தார்கள், வெள்ளைக் கோலத்தைச் சுற்றிச் செம்மண் இட்டார்கள், கோயில் மதிலுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள். விளைவு? அரைக்கண் தெரியும் பாட்டிகூட மங்கலில் இடறாமல் வந்து சேர்ந்தாள். அந்தக் கர்நாடகத்தனம் இப்போது ரோட்டோடு நிற்கிறது. நடுத்திட்டுக்குக் கறுப்பும் மஞ்சளும் பூசியிருப்பது ஹெட்லைட் உள்ள வண்டிகளுக்காக. ஹெட்லைட் இல்லாத மனிதருக்கு எதற்குப் பட்டை?

நடுவில் ஒரு சறுக்கல் நேர்ந்தது உண்மை. யாரோ விதியைப் படித்துவிட்டு, கால் தடவி நடக்கும் மேடு வைத்த மஞ்சள் டைல்ஸை வாசலில் பதித்துவிட்டார். பார்வைக்குறை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருக்கும், அவர்களுக்காகத்தான் மஞ்சள் என்று விளக்கமும் சொன்னாராம். நல்லவேளை, மஞ்சள் நிறம் சுவருக்கு மேட்ச் ஆகவில்லை என்று கண்டுபிடித்து ஆஃப் ஒயிட்டில் மாற்றிவிட்டார்கள்.

அடையாறிலும் தி.நகரிலும் இந்த மடத்துக்குச் சீடர்கள் பெருகிவருகிறார்கள். மயிலாப்பூர் அலுவலகத்தில் புகார்ப் பெட்டிக்கும் சுவரின் நிறத்தையே அடித்திருக்கிறார்கள். இதுவரை ஒரு புகாரும் வரவில்லையாம்.