யாரிடம் சொல்வது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். கிரிவலப் பாதையில் விடிகாலையில் ஓடிப் பயிற்சி எடுக்கிறேன். நான் மெடல் வாங்குவேன் என்று வீடும் பி.டி. மாஸ்டரும் காத்திருக்கிறார்கள். எனக்கோ பெண்கள் மீதுதான் ஈர்ப்பு. வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடுமா?
– பெயர் வேண்டாம், அடி அண்ணாமலை

பதில்: போகாதும்மா. ஒடிசாவின் டூட்டி சந்த், நெசவாளர் வீட்டுப் பெண். 2019 மே மாதம், தான் காதலிப்பது ஒரு பெண்ணை என்று நாடறியச் சொன்னார். சொந்த அக்காவே எதிர்த்தார். ஜூலையில் இத்தாலியின் நேப்பிள்ஸில், உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். யாரைப் பிடிக்கும் என்று ஸ்டாப்வாட்ச் கேட்பதில்லை.

ஆனால் அப்போது அவருக்கு 23 வயது, கையில் சொந்தச் சம்பாத்தியம். நீ இன்னும் வீட்டுச் சோற்றில் இருக்கிறாய். அதனால் எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை நீயே முடிவு செய். அவசரமே இல்லை. 'டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம்' என்று யாராவது கிளம்பினால், அப்படிப்பட்ட 'சிகிச்சை'க்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே தடை போட்டுவிட்டது என்று சொல். உனக்கு நோய் எதுவும் இல்லை.

அம்மாவைவிடச் சித்தியிடம் பேசுவது சுலபம் என்றால் சித்தியிடமே ஆரம்பி. போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும்.